பழைய படத் தபால் அட்டைகள்: செஞ்சி, மாமல்லபுரம், பாம்பன் – வயதைக் கண்டுபிடிப்பது எப்படி, வைத்துக் காப்பது எப்படி?

கொடுக்காப்புளி:

வணக்கம். படத் தபால் அட்டைகளில் ஊர்ப்புறச் சின்னங்களை மட்டும் சேர்க்கலாம் என்று இறங்கியிருக்கிறேன். கோட்டை, கடலோரக் கோயில், பாலம், அணைக்கட்டு, இவ்வளவுதான். மவுண்ட் ரோடு, சென்ட்ரல் ஸ்டேஷன் போன்ற நகரக் காட்சிகள் வேண்டாம். இப்போதைக்குக் கையில் மூன்றே அட்டைகள். மூன்றிலும் ஆளுக்கொரு சந்தேகம்.

முதலாவது, மாமல்லபுரம் கடற்கரைக் கோயில், கலர். கீழே ஆங்கிலத்தில் ‘செவன் பகோடாஸ்’ என்று ஊரின் பழைய பெயர். பின்பக்கம் நடுவில் கோடு இருக்கிறது. இடது பாதியில் ‘உள்நாட்டுத் தபாலுக்கு மட்டும் இங்கே செய்தி எழுதலாம்’ என்ற பொருளில் ஒரு ஆங்கில வரி. தபால்தலை ஒட்டவில்லை, எழுதவும் இல்லை. படத்தில் கடல் இடது கைப்பக்கம். அதை ஒட்டிச் சின்ன விமானம், வலப்பக்கம் பெரிய விமானம்.

இரண்டாவது, செஞ்சி. கறுப்பு வெள்ளை, சற்றே பழுப்பு. முன்னால் கல்யாண மகால், பின்னால் ராஜகிரி மலை. மேற்பரப்பு பளபளப்பு, அட்டை லேசாக வளைந்திருக்கிறது. பின்பக்கம் ‘போஸ்ட் கார்டு’ என்ற சொல் தவிர வேறெதுவும் இல்லை.

மூன்றாவது, பாம்பன் ரயில் பாலம். பச்சை நிற அரை அணாத் தலை, ஐந்தாம் ஜார்ஜ். மதுரை முகவரி. முத்திரையில் ஊர்ப் பெயர் பாதி தெரிகிறது, ஆண்டு மையோடு கலந்துவிட்டது.

கேள்விகள்: (1) இவற்றின் வயது என்ன? (2) செஞ்சி அட்டை அசலா, பின்னாளில் போட்ட நகலா? (3) வீடு கடற்கரை ஊரில். எப்படி வைப்பது? ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போடச் சொன்னார்கள். (4) மேற்கொண்டு எங்கே, எப்படித் தேடி வாங்குவது?

---

பத்து_மடங்கு:

லேமினேஷன் மட்டும் போட்டுவிடாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

வயதைப் பற்றி. ஒரு படத் தபால் அட்டைக்கு மூன்று பிறந்தநாள் உண்டு: படம் எடுத்த நாள், அட்டை அச்சான நாள், தபாலில் போன நாள். மூன்றும் ஒன்றல்ல. ஸ்டூடியோக்காரர் பெட்டியில் பத்து வருடம் கிடந்த கண்ணாடி நெகட்டிவை எடுத்து அட்டை அடிப்பார். அந்த அட்டை கடையில் இன்னொரு பத்து வருடம் விற்கும். வாங்கியவர் அதைப் பெட்டியில் வைத்திருந்து எப்போதோ அனுப்புவார். ஆகவே முத்திரையில் உள்ள தேதி ‘இதற்கு முன்பே அச்சாகிவிட்டது’ என்று மட்டும்தான் சொல்லும்.

உங்கள் முதல் அட்டைக்கு வருவோம். இந்தியாவில் அரசுத் தபால் அட்டை 1879 ஜூலை 1-இல் வந்தது, விலை கால் அணா. அதில் படம் கிடையாது. படம் போட்ட தனியார் அட்டைகள் அதற்குப் பிறகு வந்தவை. ஆரம்பத்தில் பின்பக்கம் முழுக்க முகவரிக்கு மட்டும்தான். செய்தியைப் படத்தின் ஓரத்து வெள்ளையில்தான் கிறுக்க வேண்டும். அதனால் அந்தக் கால அட்டைகளில் முன்பக்கம் எழுத்து இருந்தால் அது குறை அல்ல, இயல்பு. பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்துச் செய்தி எழுத முதலில் விட்டது இங்கிலாந்து, 1902-இல். ஜெர்மனி 1905, அமெரிக்கா 1907. உலகத் தபால் ஒன்றியம் 1906-இல் ரோமில் கூடிப் பொதுவாக ஏற்றுக்கொண்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் நடுக்கோடு போட்ட அட்டையை எல்லா நாட்டுத் தபால்காரரும் ஏற்கமாட்டார் என்பதால்தான் ‘உள்நாட்டுக்கு மட்டும்’ என்ற அந்த வரி. ஆகவே உங்கள் மாமல்லபுரம் அட்டை 1902-க்கும் 1907-க்கும் நடுவில் வடிவமைத்தது என்று நம்பலாம். பழைய இருப்பை மேலும் சில ஆண்டு விற்றிருப்பார்கள், அது வேறு கணக்கு. ஓரத்தில் பொடி எழுத்தில் ‘பிரிண்டட் இன் சாக்சனி’ அல்லது ‘ஜெர்மனி’ என்று இருக்கிறதா பாருங்கள். இந்தியக் கடைகள் வெளியிட்ட கலர் அட்டைகள் நிறைய அங்கேதான் அச்சாகி வந்தன. 1914-இல் போர் தொடங்கியதும் அந்த வரத்து அறுந்துவிட்டது.

மூன்றாவது அட்டைக்குத் தபால் கட்டணமே சாட்சி. உள்நாட்டு அட்டைக்குக் கால் அணா என்பது 1922-இல் அரை அணா ஆனது. 1931 கடைசியில் முக்கால் அணா. அரை அணாத் தலை ஒட்டி மதுரைக்குப் போயிருக்கிறது என்றால் பெரும்பாலும் 1922–1931. கூடுதலாக ஒட்டுபவர்கள் எப்போதும் உண்டு என்பதால் ‘பெரும்பாலும்’ என்கிறேன்.

ஆண்டைப் படிக்க ஒரு வழி. தலையைப் பிய்க்காதீர்கள், ஆவி காட்டாதீர்கள். தலையையும் முத்திரையையும் சேர்த்து 1200 டிபிஐ-யில் கலரில் ஸ்கேன் செய்து, படம் திருத்தும் செயலி எதிலாவது சிவப்பு, பச்சை, நீலம் என்று சேனல்களைப் பிரித்துப் பாருங்கள். பச்சைச் சேனலில் தலையின் பச்சை வெளுத்துவிடும், கறுப்பு முத்திரை மட்டும் எழுந்து நிற்கும். பழுப்புத் தலை என்றால் சிவப்புச் சேனல். இருட்டறையில் டார்ச்சை மேசையோடு மேசையாகப் படுக்கவைத்து அடித்தாலும் முத்திரை அழுத்திய பள்ளம் சில சமயம் தெரியும்.

இரண்டாவது அட்டைக்கு நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் வேண்டும். வானமும் மலையும் சேரும் இடத்தைப் பாருங்கள். மூன்றில் ஒன்று தெரியும்:

கோலப்புள்ளி வைத்தாற்போல் வரிசை வரிசையாகச் சீரான புள்ளிகள் என்றால் ஹாஃப்டோன் அச்சு. ஏரி வற்றி வெடித்த தரை மாதிரி ஒழுங்கில்லாத நுண்கோடுகள் என்றால் கொலோடைப். அந்தக் காலத்து நல்ல அச்சு அதுதான், அதைப் பார்த்துப் போட்டோ என்று ஏமாறுபவர்கள் அதிகம். புள்ளியும் இல்லை, வெடிப்பும் இல்லை, புகை மாதிரி நிறம் தொடர்ச்சியாகக் கறுத்துப் போகிறது என்றால் ‘ரியல் போட்டோ’. அதாவது நெகட்டிவிலிருந்து நேராகப் போட்டோத் தாளில் போட்டது. நிழலான இடங்களில், குறிப்பாக ஓரங்களில், அட்டையைச் சாய்த்தால் பாதரசம் பூசியது போல் நீலச் சாயலில் மின்னும். அது படத்திலுள்ள வெள்ளி மேலே கசிந்து வருவது. பல பத்தாண்டு காற்று பட்டு வருகிற மாற்றம் அது.

நான்காவதாக ஒன்று உண்டு, அது கெட்ட செய்தி: நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு நிறப் புள்ளிகள் சின்னச் சின்னப் பூவாகத் தெரிந்தால் இப்போதைய ஆஃப்செட் நகல். பழுப்பு நிறத்தையே அந்த நான்கு மையால் செய்திருப்பார்கள்.

இன்னும் உறுதி வேண்டுமானால் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச். (கடையில் மலிவாகக் கிடைக்கும் 395 வேண்டாம். அதன் ஊதா வெளிச்சமே எல்லாவற்றையும் மின்னுவதாகக் காட்டும்.) தாளுக்கு வெண்மை கூட்டும் ரசாயனம் பரவலானது 1950-களில். அட்டை நீல வெள்ளையாகப் பளிச்சிட்டால் அதற்குப் பிந்தியது. மங்கலாக, மோர் நிறத்தில் கிடந்தால் முந்தியதாக இருக்கலாம். ஐந்து விநாடி போதும், காட்டிக்கொண்டே இருக்காதீர்கள்.

---

வடம்பிடி:

பின்பக்கம் பற்றி அவர் சொல்லிவிட்டார். நான் முன்பக்கம் பற்றிச் சொல்கிறேன்.

உங்கள் மாமல்லபுரம் அட்டையில் கடல் தப்பான பக்கம் இருக்கிறது. கடற்கரைக் கோயிலில் பெரிய விமானம் கிழக்கே, கடலைப் பார்த்து இருக்கிறது. சின்ன விமானம் அதற்கு மேற்கே, ஊரைப் பார்த்து. வடக்கே நின்று எடுத்தாலும் தெற்கே நின்று எடுத்தாலும் பெரியது கடல் பக்கம்தான் வரவேண்டும். உங்கள் படத்தில் சின்னது கடலை ஒட்டி இருக்கிறது. அப்படி ஓர் இடத்தில் நிற்கவே முடியாது. நெகட்டிவைத் திருப்பி அச்சிட்டாலும் இப்படி வராது, கடலும் விமானங்களும் சேர்ந்தேதான் இடம் மாறும்; கலர் ஏற்றும்போது கடலைத் தப்பான பக்கம் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எங்கோ சாக்சனியில் உட்கார்ந்து அச்சிட்டவருக்கு எது கடல், எது ஊர் என்று எப்படித் தெரியும்? ஸ்கேனைக் கணினியில் இடவலமாக மாற்றினாலும் சின்னதுதான் கடலை ஒட்டி நிற்கும். பெரிய விமானம் வலப்பக்கம் இருப்பதால், நெகட்டிவ் நேராக இருந்தால் படம் தெற்கே நின்று எடுத்தது. நெகட்டிவே திரும்பியிருக்கிறதா என்று அறிய, ஆட்கள் இருந்தால் மாராப்பு, மேல்துண்டு எந்தத் தோளில் என்று பாருங்கள். இப்படிப்பட்ட அட்டையைக் குறை என்று கழிக்க வேண்டியதில்லை, ஆனால் ஏட்டில் ‘கடல் இடம் மாறியது’ என்று எழுதி வையுங்கள். சரியாக அச்சான இன்னொரு பதிப்பு பின்னால் கிடைத்தால் இரண்டையும் சேர்த்து வைக்கலாம்.

கலரையும் நம்பாதீர்கள். அது கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் அச்சகத்தில் ஏற்றிய கலர். இந்தப் பக்கம் வராத ஒருவர் கல்லுக்குச் செங்கல் நிறம், வானத்துக்கு ரோஜா நிறம் என்று போட்டிருப்பார். அதே நெகட்டிவை நீலத்தில் முக்கி நிலா ஒன்றை வரைந்து ‘நிலவொளிக் காட்சி’ என்றும் விற்றிருப்பார்கள். வட்ட நிலாவுக்குக் கீழே நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தால் குட்டு வெளிப்படும்.

சின்னங்கள் தாமே காலம் சொல்லும். பாம்பன் பாலம் திறந்தது 1914 பிப்ரவரி 24. கட்டிக்கொண்டிருக்கும்போது எடுத்த படம் தவிர, முழுப் பாலம் உள்ள எந்த அட்டையும் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. விற்பவர் ‘1905’ என்றால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள். பக்கத்தில் சாலைப் பாலம் தெரிந்தால் 1988-க்குப் பிறகு. அந்தப் பழைய பாலத்தின் நடுவில் கப்பலுக்காகத் தூக்கித் திறந்த ‘ஷெர்சர்’ வகைக் கண், திறந்த நிலையில் இருக்கும் அட்டைக்கு எப்போதும் கிராக்கி. 1964 டிசம்பர் புயலில் கர்டர்கள் பெரும்பாலும் கடலுக்குள் போய் மறுபடி கட்டியது தெரிந்ததுதான். கட்டணக் கணக்கோடு இதைச் சேர்த்தால் உங்கள் அட்டை 1922–1931-க்குள் அடங்குகிறது, முரண்பாடு இல்லை.

செஞ்சியில் இவ்வளவு எளிதாகப் பிடி கிடைக்காது. 1921-இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தார்கள். கல்யாண மகாலின் மாடங்களில் செடி முளைத்து மண்டிக் கிடந்தால் அதற்கு முந்தியதோ என்று சந்தேகப்படலாம், தீர்ப்புச் சொல்லக் கூடாது. அங்கே செய்யக்கூடிய உருப்படியான வேலை படம் எடுத்த இடத்தைப் பிடிப்பது. மகாலின் கூம்புக் கூரை முனை ராஜகிரியின் எந்தப் பாறை மடிப்புக்கு நேரே விழுகிறது என்று பாருங்கள். பக்கத்தில் இருப்பது ஒன்று, தூரத்தில் இருப்பது ஒன்று. இரண்டும் அட்டையில் உள்ளபடி ஒரே கோட்டில் வரும் வரை இடம் வலமாக நகர வேண்டும். கூரை முனை மலைவிளிம்புக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை வைத்து முன்பின்னாக நகர வேண்டும். இரண்டும் பொருந்தினால் கேமரா வைத்த இடம் சில அடிக்குள் வந்துவிடும்.

தரங்கம்பாடி அட்டை கிடைத்தால் விடாதீர்கள். 1620-இல் எழுந்த டேனிஷ் கோட்டையைவிட மாசிலாமணிநாதர் கோயிலைப் பாருங்கள். கடல் தின்றுகொண்டே வந்த கோயில் அது. முன்பகுதி எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை வைத்தே அட்டைகளை முன்னது, பின்னது என்று வரிசைப்படுத்திவிடலாம்.

---

கொடுக்காப்புளி:

இருவருக்கும் நன்றி. பார்த்துவிட்டேன்.

மாமல்லபுரம்: லென்ஸில் சீரான புள்ளிகள், மேலே தட்டையாகக் கலர். இடவலம் மாற்றினாலும் சின்ன விமானம்தான் கடலை ஒட்டி நிற்கிறது. பொடி எழுத்தில் ‘சாக்சனி’ இருக்கிறது.

செஞ்சி: புள்ளி இல்லை, வெடிப்பும் இல்லை. வலது ஓரம் சாய்த்தால் மின்னுகிறது. புற ஊதாவில் மங்கல். மூலையில் வெள்ளை எழுத்தில் கிறுக்கலாக ‘7’ என்று ஓர் எண்.

பாம்பன்: பச்சைச் சேனலில் ‘26’ என்று படிக்க முடிகிறது.

செஞ்சி அட்டையில் பதிப்பாளர் பெயரே இல்லையே, அது மட்டும் இடிக்கிறது. இனி எப்படி வைப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

---

பத்து_மடங்கு:

இடிக்க வேண்டாம், செஞ்சி ரியல் போட்டோதான். பின்பக்கம் ‘போஸ்ட் கார்டு’ என்று அச்சிட்ட போட்டோத் தாளையே கம்பெனிகள் விற்றன. அந்த அளவுக்கே நெகட்டிவ் தரும் கோடாக் 3ஏ மடிப்புக் கேமரா 1903-இல் வந்தது, நெகட்டிவ் 3¼ × 5½ அங்குலம். பெரிதாக்காமல் அப்படியே தாளில் ஒட்டவைத்துப் போடுவது. எனவே ஊர் ஸ்டூடியோவோ, கேமரா வைத்திருந்த அதிகாரியோ பத்துப் பிரதி போட்டுவிடலாம், பெயர் இருக்காது. வெள்ளை ‘7’ என்பது நெகட்டிவில் மையால் எழுதிய எண். அப்படியானால் 1 முதல் 6 வரை இருந்திருக்கும், அதே கையெழுத்தைத் தேடுங்கள்.

தலை ஒட்டும் கட்டத்தைச் சுற்றி ‘வெலாக்ஸ்’, ‘கோடாக்’, ‘ஏஸோ’ போன்ற தாள் பெயர் இருந்தால் ஆண்டை இன்னும் நெருக்கலாம். உங்களுடையதில் இல்லை. அந்தக் கட்டத்தின் முக்கோணக் குறிகளை வைத்து ஆண்டு சொல்வதாக இணையத்தில் உலவும் ஏஸோ அட்டவணை அமெரிக்கத் தாளுக்கானது. அதை நம் ஊர் அட்டைகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தாதீர்கள்.

---

இரும்புப்பெட்டி:

பாதுகாப்பு பெரிய விஷயமே இல்லை. போட்டோ ஆல்பத்தில் போட்டுப் பீரோவில் வையுங்கள், நாலு அந்துருண்டை போடுங்கள். பூச்சி வராது.

---

காகிதப்பூச்சி:

மேலே சொன்னதில் மூன்று தப்பு: ஆல்பம், பீரோ, உருண்டை.

கடை ஆல்பத்தில் இரண்டு வகை. ஒன்று, பசைக்கோடு போட்ட பக்கத்தின் மேல் பிளாஸ்டிக் தாளை மூடுவது. அந்தப் பசை சில ஆண்டில் மஞ்சளாகி அட்டையின் முதுகோடு சேர்ந்துவிடும், எடுக்கும்போது முகவரிப் பக்கம் உரியும். மற்றது, பிவிசி உறை. பிவிசியை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் மெல்லக் கசிந்து மையைக் கிளப்பிவிடும். உறையைத் திறந்ததும் புது ரெயின்கோட் வாசனை வந்தால் அது பிவிசி. வாசனையில் தெளியாவிட்டால் தாமிரக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, உறையின் வெட்டுத் துண்டில் தொட்டு மறுபடி தீயில் காட்டுங்கள். பச்சைச் சுவாலை என்றால் குளோரின் இருக்கிறது, பிவிசி. மொட்டை மாடியில் செய்யுங்கள், புகையை முகராதீர்கள்.

பீரோ பெரும்பாலும் வெளிச்சுவரை ஒட்டி நிற்கும். மழைக்காலத்தில் அந்தத் தகடு குளிர்ந்து உள்ளே வேர்க்கும். சுவரிலிருந்து அரை அடி தள்ளி, தரையிலிருந்து உயரத்தில் என்றால் பரவாயில்லை. அந்துருண்டை ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும், அட்டையில் ஏறிய நாற்றம் எளிதில் போகாது. ராமபாணப் பூச்சி ஈரம் தேடி வருகிறது, ஈரத்தை எடுத்தால் அதுவும் வராது. அதற்குத் தீனி பசையும், ரியல் போட்டோவின் ஜெலட்டினும்.

சரியான முறை:

உறை பாலிப்ராப்பிலீன் அல்லது பாலியெஸ்டர். பழைய அட்டை ஏறத்தாழ 140 × 89 மி.மீ. அதற்கு உள்ளளவு 145 × 92 வாங்குங்கள். இப்போதைய பெரிய அட்டை உறையில் போட்டால் உள்ளே ஆடி மூலை மழுங்கும். குறிப்பு எழுதுவதானால் அட்டையை நுழைக்கும் முன்பே உறையின் மேல் சீட்டு ஒட்டுங்கள். அட்டை உள்ளே இருக்கும்போது பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தினால் கோடு படத்தில் பதியும்.

ரியல் போட்டோவுக்கு மட்டும் விதிவிலக்கு. ஈரப்பதம் 65, 70 சதவீதம் தாண்டினால் ஜெலட்டின் இளகி வழவழப் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் கண்ணாடி போல் பளபளத் திட்டு நிற்கும், அதை மறுபடி சரிசெய்ய வழியில்லை. கடற்கரை ஊர் என்பதால் செஞ்சியை அமிலமற்ற தாளுறையில் வைத்து, படப் பக்கத்தை எதுவும் அழுத்தாமல் விடுங்கள். அட்டை வளைந்திருக்கிறது என்று புத்தகத்துக்கு அடியில் வைத்து நிமிர்த்த வேண்டாம், ஜெலட்டின் கீறும்.

பெட்டி: ரப்பர் விளிம்பு உள்ள காற்றுப் புகாத டப்பா, 10 லிட்டர். உள்ளே 100 கிராம் சிலிக்கா ஜெல், ஆரஞ்சு நிறம் மாறும் வகை. துணிப்பையில் கட்டி அட்டையைத் தொடாமல் மூலையில் வையுங்கள். சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்று போட்டு மூடி, 40–50 சதவீதத்தில் நிற்கிறதா பாருங்கள். கடும்பச்சை ஆனதும் ஜெல்லை 110–120 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் காய வைத்தால் மறுபடி ஆரஞ்சு. ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கடி பாருங்கள். ‘ஈரமே கூடாது’ என்று அரைக் கிலோ ஜெல்லைக் கொட்டினால் 30-க்குக் கீழே போய் ரியல் போட்டோ சுருளும், விரியும். அட்டைகளை நிறுத்தி வையுங்கள். ஒன்றை உருவினால் பக்கத்தது கூட வராத அளவு தளர்ச்சி வேண்டும், சாயாத அளவு நெருக்கமும் வேண்டும்.

புதிதாக வரும் எதையும் நேரே பெட்டியில் சேர்க்காதீர்கள். பூச்சிச் சந்தேகம் இருந்தால் ஜிப் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, மைனஸ் 18-இல் ஃப்ரீசரில் இரண்டு வாரம். எடுத்த பிறகு 24 மணி நேரம் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் குளிர்ந்த அட்டை மேல் முத்து முத்தாக நீர் கோக்கும், அதுதான் இந்த வேலையில் பலர் சொதப்பும் இடம். பூஞ்சை வேறு விஷயம், ஃப்ரீசரில் அது சாகாது. காயவிட்டு, முகமூடி போட்டு, வெளியில் வைத்து மென்மையான தூரிகையால் ஒரே திசையில் தட்டுங்கள். ஈரத் துணியால் துடைத்தால் தாளுக்குள் தேய்த்து ஏற்றுகிறீர்கள் என்று அர்த்தம்.

பழுப்புப் புள்ளி, கறை, பழைய செல்லோடேப் ஆகியவற்றை அப்படியே விடுங்கள். கலர் அட்டையில் தண்ணீர் பட்டால் சாயம் ஓடும். அழிரப்பர் போட்டால் பென்சில் செய்தி போய்விடும். லேமினேஷன் ஏன் கூடாது என்றால், அது சூட்டில் உருகும் பசை. தாளின் நாரோடு கலந்துவிடும், பிறகு அட்டை என்று ஒன்று இருக்காது.

ஸ்கேன்: சாதாரண அச்சுக்கு 600 டிபிஐ போதும். 5½ × 3½ அங்குலத்துக்கு 3300 × 2100 புள்ளி வரும், டிஃப் கோப்பு சுமார் 21 எம்பி. ரியல் போட்டோவை 1200-இல் எடுங்கள், நேர் பிரதி என்பதால் படிக்கட்டில் நிற்கும் ஆளின் தலைப்பாகை வரை வரும். இரண்டு பக்கமும் எடுங்கள். ‘டிஸ்க்ரீன்’ வசதியை அணைத்துவிடுங்கள், அது அச்சு முறையின் அடையாளத்தையே மழுக்கிவிடும்.

---

ஏலக்காரன்:

வாங்குவது பற்றி.

தேடும் சொல்தான் எல்லாம். விற்பவர் அட்டையில் உள்ளதை அப்படியே தட்டச்சு செய்வார். ‘மாமல்லபுரம்’ என்று தேடினால் பாதிகூடக் கிடைக்காது. ‘செவன் பகோடாஸ்’ என்று தேடுங்கள். தரங்கம்பாடிக்கு ‘டிராங்கிபார்’, ஜெர்மன் அட்டைகளில் அதே பெயர் க்யு, யு-வுக்குப் பதில் கே எழுத்தோடு. கல்லணைக்கு ‘கிராண்ட் அனிகட்’. காஞ்சிக்கு ‘கஞ்சீவரம்’, திருநெல்வேலிக்கு ‘டின்னவேலி’, குற்றாலத்துக்கு ‘கோர்ட்டாலம்’. பாம்பனை ஆங்கிலத்தில் முதல் எழுத்துக்குப் பின் ஏ, யு என்று எழுதிய காலம் உண்டு, இரண்டு கூட்டிலும் தேடுங்கள். பிரெஞ்சில் ‘மதுரை மிஷன்’ என்ற பெயரில் யேசு சபையினர் வெளியிட்ட அட்டைகளில் வேறெங்கும் வராத சிற்றூர்கள் வரும். அதை ஆங்கிலத்தில் மட்டும் தேடுபவர்கள் தவறவிடுகிறார்கள். ஐரோப்பிய விற்பனையாளர் நிறைய இருப்பது டெல்கேம்ப் தளத்தில். இங்கிலாந்துக் குடும்பங்களின் பழைய ஆல்பங்கள் உடைந்து வருவது ஈபேயின் பிரிட்டிஷ் பக்கத்தில்.

பதிப்பாளர்: மெட்ராஸில் ஹிக்கின்பாதம்ஸ், ஸ்பென்சர், வீலே அண்ட் க்ளைன், பின்னாளில் க்ளைன் அண்ட் பெயர்ல். இலங்கைக் காட்சிகளுக்குக் கொழும்பு பிளாட்டே. லண்டன் ரஃபேல் டக் கம்பெனியின் ‘ஆயிலெட்’ வரிசை ஓவியம் போல் அச்சானது, 1903-இல் தொடங்கியது. பார்க்க அழகு, ஆனால் சின்னத்தின் ஆவணமாக எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. அந்தக் கம்பெனியின் பழைய பதிவேடுகள் 1940 டிசம்பர் 29 குண்டுவீச்சில் எரிந்துபோனதால், தொடர் எண்களைச் சேகரிப்பவர்கள்தான் கோத்து வைத்திருக்கிறார்கள்.

விலைக்கு, கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், ‘விற்று முடிந்தவை’ வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள். ஒரே அச்சு அட்டை மூன்று பேர் மூன்று விலை சொல்வார்கள். மாமல்லபுரம் ஏராளமாக அச்சானது, பொறுத்திருந்தால் நல்ல நிலையில் கிடைக்கும். செஞ்சி, தரங்கம்பாடி ரியல் போட்டோ அப்படியல்ல, மூலை மழுங்கியிருந்தாலும் எடுத்துவிடுவது புத்தி. விற்பவரிடம் மூன்று கேளுங்கள்: பின்பக்கப் படம், சாய்த்து எடுத்த படம் (மடிப்பு தெரிய), மி.மீ. அளவு. 140-க்குப் பதில் 134 என்றால் ஓரம் நைந்ததை வெட்டியிருக்கிறார்கள். தலையை உரித்த இடம் வெள்ளையாகப் பொத்தல் விட்டிருந்தால் விலையைக் குறையுங்கள். வெளிநாட்டிலிருந்து ஒன்றொன்றாக வரவழைத்தால் தபால் செலவும் சுங்கமும் கையாளும் கட்டணமும் சேர்ந்து அட்டையைவிடக் கூடிவிடும். ஒரே ஆளிடம் ஐந்தாறு சேர்த்து, இரண்டு விறைப்பான அட்டைக்கு நடுவே வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

எதிர்த் திசையில் கவனம். இங்கிருந்து வெளிநாட்டுக்கு விற்பதோ மாற்றிக்கொள்வதோ என்றால் 1972 தொல்பொருள் சட்டம் நினைவில் இருக்கட்டும். 100 ஆண்டு ஆன பொருளும், வரலாற்று மதிப்புள்ள 75 ஆண்டு ஆன ஆவணமும் அதன் வரையறைக்குள் வரக்கூடும். கேட்காமல் அனுப்பாதீர்கள்.

---

கொடுக்காப்புளி:

நன்றி. கடைசியாக ஒன்று: ஏட்டில் என்னென்ன எழுதவேண்டும்? ஸ்கேனை இங்கே போடலாமா?

---

வடம்பிடி:

போடலாம். போட்டோவுக்கு வெளியானதிலிருந்து 60 ஆண்டுதான் உரிமை என்பது இந்தியச் சட்டத்தில் 2012 திருத்தம் வரை இருந்த கணக்கு (இப்போது எடுத்தவரின் ஆயுளும் அதற்கு மேல் 60 ஆண்டும்), உங்கள் மூன்றும் அதற்கு முன்பே தாண்டியிருக்கும். மதுரை முகவரியில் உள்ள பெயரை மட்டும் மறைத்துவிடுங்கள்.

ஏட்டில்: உங்கள் வரிசை எண், படத்தின் கீழுள்ள பெயர் (பிழை இருந்தால் பிழையோடு), பதிப்பாளர், அட்டை எண், பின்பக்க வகை, அச்சு முறை, மி.மீ. அளவு, முத்திரை. ஆண்டுக்கு ஒரு கட்டம் போதாது, இரண்டு வேண்டும்: ‘இதற்குப் பின்’, ‘இதற்கு முன்’. பாம்பனுக்கு 1914 என்றும் 1926 என்றும் வரும். மாமல்லபுரத்துக்கு 1902 மட்டும் எழுதி மற்றதைக் காலியாக விடுங்கள். அப்புறம் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். எதை வைத்து அந்த ஆண்டை எழுதினோம் என்பது ஆறு மாதத்தில் மறந்துவிடும்.

அட்டையிலேயே எண் போடுவதானால் 2பி பென்சில், பின்பக்க மூலையில், அழுத்தாமல். செஞ்சியில் அதுவும் வேண்டாம், உறையில் போதும்.